வாசலுக்குப் படி வேண்டாம் என்றேன்

வாசல் நிலைக்குக் கீழ்ப்படி வேண்டாம் என்று நான் சொன்னதும், மரவேலை ஓடாவியார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். "படி இல்லாத நிலையோ? அது ஆட்டுக்கொட்டிலுக்கல்லோ அக்கா செய்யிறது," என்றார்.

"அப்ப ஆட்டுக்கொட்டிலுக்குச் செய்யிற மாதிரியே எனக்கும் செய்து தாங்கோ," என்றேன். "முன் வாசல், அறை வாசல், குசினி வாசல், ஒண்டுக்கும் படி வேண்டாம். தரை ஒரே மட்டமா இருக்கவேணும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு பக்கக் கால்களும் மேல் சட்டமும் போதும், அடியில் குறுக்குக் கட்டை வேண்டவே வேண்டாம் என்று பட்டறை வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மித் தும்மியே சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தரம் ஓம் என்றால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

என் கணவர் பஸ் சாரதியாக இருந்தவர். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவர் ஓடாத நாள் இல்லை. ஒரு காலையில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறினாலும் மிஞ்சியது. "பேச்சாவது மிஞ்சிச்சுதே, கடவுள் காப்பாத்திப்போட்டார்," என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு மாதம் கூட இருந்து பார்த்தால் தெரியும்.

அப்போது நாங்கள் பருத்தித்துறையில் வாடகை வீட்டில் இருந்தோம். பழைய வீடு. வாசலுக்கு வாசல் நாலு விரல் உயரத்தில் மரப்படி. நல்ல கால் உள்ளவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவருடைய வலது கால் தரையை உரசிக்கொண்டு இழுபட்டு வரும். படியில் போய் முட்டி நிற்கும். ஒருநாள் நான் குசினியில் நின்ற நேரம், என்னைக் கூப்பிட வெட்கப்பட்டுத் தானே கக்கூசுக்குப் போக வெளிக்கிட்டு, அறை வாசலில் குப்புற விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் வந்து நின்று என்னைக் கூப்பிடுவார். கூப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு போன மனிசன், வீட்டுக்குள் அறை மாற என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை அவர் எப்படி வெறுத்தார் என்று எனக்குத் தெரியும்.

சண்டைக் காலத்தில் ஆமி பிடித்து வைத்திருந்த, கீரிமலைப் பக்கத்து என் சீதனக் காணியை அந்த நேரத்தில்தான் விட்டது. போய்ப் பார்த்தால் காடு. காட்டை வெட்டிப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. ஓடு, கதவு, யன்னல், அத்திவாரக் கல்கூட யாரோ எப்போதோ கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். கிணறு ஒன்றுதான் கிடந்தது, அதுவும் வாய் வரை குப்பை. வெயிலுக்குள் நின்று அழுதேன். இவர் ஓட்டோவுக்குள் இருந்தபடியே வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சை ஒரு வீடு கட்டுவம்," என்றார். "எனக்கு ஒண்டே ஒண்டு காணும். நான் ஒருத்தற்றை கையையும் பிடிக்காமல் உள்ளுக்கை போகவேணும், வெளியிலை வரவேணும்."

அதற்காகத்தான் அந்த வீடு. வேறு எதற்காகவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடி வேண்டாம், போர்ட்டிகோ வேண்டாம், தூண் வேண்டாம். இரண்டு அறை, ஒரு சின்னச் சாமி அறை, ஒரு ஹோல், குசினி, இவருடைய அறையோடு ஒட்டிய குளியலறை. எல்லாம் ஒரே மட்டத்தில். விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்கச் சரிவாக ஒரு சீமெந்துப் பாதை.

வீடு கட்டத் தொடங்கினால் ஊரில் எல்லோரும் இஞ்சினியர்மார்தான். ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று, "உந்தப் பக்கம் யன்னல் வைச்சால் உப்புக்காத்து அடிக்குமே," என்பார். பால் கொண்டு வருகிறவ, "கிணறு பிழையான மூலையிலையல்லோ கிடக்கு," என்பா. கிணறு என் அப்பா பிறக்கும் முன்பிருந்தே அங்கேதான் கிடக்கிறது. அதை நான் தூக்கி எங்கே வைப்பது?

இவர்களை எல்லாம் சமாளித்துவிடலாம். மச்சாளைத்தான் சமாளிக்க முடியவில்லை.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. எங்களுக்கு முன்பே ஊருக்குத் திரும்பி வந்து, இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவ. தம்பி விழுந்தான் என்று கேட்ட நாளிலிருந்து மச்சம் மாமிசம் தின்னாமல் விரதம் இருக்கிறவ. பாசம் இல்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்தப் பாசத்துக்குக் கண் இல்லை, காது இல்லை. வாய் மட்டும் இருந்தது.

நான் பருத்தித்துறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வேலை முடிந்து ஸ்கூட்டியை எடுத்து, வல்வெட்டித்துறை தாண்டி, கடற்காற்றில் தலைமயிர் எல்லாம் உப்புப் பிடித்து வளவுக்கு வந்து சேரும்போது மேசனும் ஆட்களும் கை கழுவிக்கொண்டு நிற்பார்கள். பகல் முழுக்க அங்கே நின்றது மச்சாள். ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, துணியில் சுற்றிய வடை, எந்த வெயிலுக்கும் மசியாத ஒரு பெரிய கறுத்தக் குடை. மேசன் கெட்டவன் இல்லை. கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு குணம்: பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் சொல்கிறதைக் கேட்பான். நான் நின்றால் நான் சொல்கிறதை. மச்சாள் நின்றால் மச்சாள் சொல்கிறதை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன். இவருடைய அறையிலிருந்து குளியலறைக்குப் போக விட்டிருந்த வாசல் இல்லை. கல் அடுக்கிச் சாந்து பூசி மூடியிருந்தது. குளியலறைக்குப் பின்புறம், வளவுப் பக்கமாக, ஒரு புது வாசல். இவர் கக்கூசுக்குப் போவதென்றால் வீட்டைச் சுற்றி, மணலில் காலை இழுத்து, மழை என்றால் மழையில் நனைந்து போக வேண்டும்.

"தம்பி, இதென்ன வேலை?" என்றேன்.

மேசன் தலையைச் சொறிந்தான். "பெரியக்காதான் அக்கா சொன்னவா. அங்காலை சாமி அறையெண்டு."

மச்சாள் குடையை மடக்கினா. "சாமி அறையைப் பாத்துக் கக்கூஸ் வாசலை வைச்சால் உருப்படுமோ பிள்ளை? உனக்கென்ன விசரோ?"

"அப்ப சாமியை அங்காலை மாத்துங்கோ மச்சாள். சாமிக்கு நடக்க ஏலும். உங்கடை தம்பிக்கு ஏலாது."

"சீ, என்ன வாய் இது!" என்று அவ கன்னத்தில் போட்டுக்கொண்டா. நான் மேசனின் சுத்தியலைப் பறித்து அந்தச் சுவரில் அடித்தேன். சாந்து இன்னும் காயவில்லை. கல் பொத்துப் பொத்தென்று விழுந்தது. கந்தோருக்குக் கட்டிய சேலையோடு, கைப்பை தோளில் தொங்க, மூச்சு வாங்க அடித்தேன். மேசன் "விடுங்கோ அக்கா, நான் உடைக்கிறன்," என்று பின்னால் நின்று கெஞ்சினான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

சாமி அறை ஹோலின் மற்றப் பக்கம் போனது. மச்சாள் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போலக் குடையும் ஃபிளாஸ்குமாக வந்து நின்றா. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவர் எழும்பி, முன் வாசல் நிலை வைக்கும் நாள் வந்தது. எங்களிடத்தில் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. ஐயர் வந்து நாளும் நேரமும் பார்த்துச் சொல்லி, நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அடியில் துளிப் பொன்னும் நவமணியும் வைத்து நிமிர்த்துவார்கள். இவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து, வளவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நிழலாக இருத்தினேன். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் நிலை வந்து இறங்கியது. ஓடாவியார் சாக்கை விலக்கினார்.

நாலு பக்கமும் சட்டம். அடியில் தடித்த முதிரை மரப் படி, மேலே தாமரைப் பூ வேறு செதுக்கி.

"என்ன இது?" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பெரியக்கா பட்டறைக்கு வந்து சொன்னவா," என்றார் ஓடாவியார். "நீங்கள் மனம் மாறிட்டியள், படி வைக்கட்டாம் எண்டு."

என் வாயையே களவெடுத்துக்கொண்டு போய் அங்கே கதைத்திருக்கிறா! அதுதான் எனக்கு முதலில் சுட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படி இல்லாத வாசலிலை லட்சுமி நிக்கமாட்டா," என்றா. "கண்டது கழியது எல்லாம் உள்ளுக்கை வரும். தம்பிக்கு வந்தது காணாதே? இன்னும் ஏதும் வரவேணுமோ? அறை வாசலுக்கு வேண்டாம் எண்டாய், சரி, விட்டன். முன் வாசலுக்கு நான் விடமாட்டன்."

"அவர் என்னெண்டு தாண்டுறது?"

"நாங்கள் இல்லையே? பிடிச்சுத் தாண்டுவிப்பம்."

"பிடிக்கக் கூடாது எண்டுதானே இந்த வீடே கட்டுறன்!" என்று கத்தினேன். வளவில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளை, நேரம் போகுது. பேந்து ராகுகாலம் வந்திடும்," என்றார்.

அந்த நேரத்தில்தான் இவர் கதிரையில் இருந்து கதைத்தார். "விடுமப்பா. அக்கா ஆசைப்பட்டிட்டா. நான் தாண்டுவன்."

அவரே சொன்ன பிறகு நான் என்ன செய்ய? பொன்னையும் நவமணியையும் வைத்தார்கள். படி ஏறி உட்கார்ந்தது. மச்சாள் அழுதுகொண்டு கும்பிட்டா. நான் கும்பிடவில்லை. எனக்குக் கை எழும்பவில்லை.

நான் தாண்டுவன் என்று சொன்னதை இவர் சும்மா சொல்லவில்லை. அன்று பின்னேரமே வாடகை வீட்டு ஹோலில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே போடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்தது அவருக்கு நினைவிருந்தது: ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது ஏலாத கால் முன்னுக்கு. இடது கையில் பொல்லை ஊன்றி, இடது காலைத் தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்து, பொல்லையும் எடுத்து வைத்து, பாரத்தை அதில் போட்டு, பிறகு இடுப்பைச் சுழற்றி வலது காலை இழுத்து எடுக்க வேண்டும். கேட்கச் சுகம். முதலில் எத்தனையோ தரம் வலது கால் மரத்தில் தட்டுப்பட்டு நின்றது. நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பேன். "தள்ளி நில்லும்," என்று ஏசுவார். வேர்வையில் பெனியன் நனைந்து ஒட்டும். நாள்தோறும் கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு அதுதான் எங்களுக்கு வேலை.

ஒருநாள் தாண்டிவிட்டார். நான் தொடவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, விழுந்த பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு, "ரைற், போகலாம்!" என்றார், கொண்டக்டர் கூப்பிடுகிற மாதிரி.

"ரிக்கெற் எடுத்தனீங்களோ?" என்றேன். இரண்டு பேரும் விசர் பிடித்ததுகள் மாதிரிச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு நாளும் தாண்டினார். புது வீட்டுக் குடிபூரலன்று சனத்துக்கு முன்னால், தன் வீட்டுக்குள், தானே நடந்து போகப்போகிறேன் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். என் ஆத்திரம்கூடக் கொஞ்சம் ஆறியது. படி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மிச்ச வேலையையும் ஓடி ஓடி முடித்தேன். மழை வந்து மணலை அள்ளிக்கொண்டு போனது. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்தது. குளியலறைச் சுவரில் இவர் பிடிக்கிற உயரத்துக்குக் குழாய் பூட்டுவித்தேன். கதவுக்காரன் வாறன் வாறன் என்று சொல்லிக்கொண்டே வராமல் இருந்தான். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் படுகிற பாடுதான், அதில் எனக்குக் குறை இல்லை.

குடிபூரலுக்கு மச்சாள்தான் எல்லாம் முன்னுக்கு நின்றா. விடியவே பந்தல், கும்பம், நிறைகுடம். முதலில் பசுவையும் கன்றையும் உள்ளே ஏற்றினார்கள். பசு படியைக் கண்டு மிரண்டு நின்றது. இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். உள்ளே போய்ச் சாணம் போட்டது. எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

அடுத்தது நாங்கள். என் இரண்டு கையிலும் சாமிப் படத்தைத் தந்துவிட்டார்கள். இவர் புது வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி. பொல்லை ஊன்றிப் படிக்கு முன்னால் வந்து நின்று என்னை ஒருதரம் பார்த்தார். கண்ணால் சிரித்தார். பிறகு, பழகினபடியே, இடது காலைத் தூக்கினார்.

"தம்பி! வலது கால்!" மச்சாள் கத்தினா. "வலது காலை எடுத்து வை!"

பந்தலுக்குள் நின்ற சனம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வலது கால், வலது கால். கிழவர்கள், குஞ்சு குருமன், சமையல்காரர்கூட அகப்பையோடு ஓடிவந்து, "அண்ணை, வலது கால்!" என்றார்.

"விடுங்கோ! அவர் பழகினது அந்தக் கால்!" என்று நான் கத்தினேன். நாதஸ்வரமும் மேளமும் அந்த நேரம் பார்த்து உச்சத்தில் நின்றன. மச்சாள் குனிந்தா. அந்தரத்தில் நின்ற இடது காலைப் பிடித்துக் கீழே ஊன்றிவிட்டு, வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படிக்கு அப்பால் வைத்தா. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல, அவ்வளவு பக்தியாக. வைத்துவிட்டு முதுகில் கையைக் கொடுத்து, "வா ராசா," என்று முன்னுக்குத் தள்ளினா.

பாரம் முழுக்க அந்தச் செத்த காலில் போயிற்று. இவர் அப்படியே மடிந்து படிக்குக் குறுக்கே விழுந்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. பொல்லு உருண்டு ஹோலுக்குள் போனது. நான் சாமிப் படத்தை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. நாலு ஆம்பிளையள் தூக்கிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு உள்ளே கொண்டுபோய்ச் சாமி அறைக்கு முன்னால் வைத்தார்கள். புது வேட்டி நனைந்திருந்தது. நான் கண்டேன். மச்சாளும் கண்டா. என் சேலைத் தலைப்பை இழுத்து மடியை மூடினேன். "பரவாயில்லை, வலது கால்தானே முதல் பட்டது," என்று யாரோ சொன்னார்கள். பால் பொங்கியது. பொங்கிவிட்டது, பொங்கிவிட்டது என்று கை தட்டினார்கள். சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், நான் பெயின்ற் தேர்ந்தெடுத்த சுவரை.

சனம் போன பிறகு மச்சாள் கிணற்றடியில் நின்று அழுதா. "நான் நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான்."

"உங்கடை நல்லதை உங்கடை வீட்டிலை வைச்சிருங்கோ மச்சாள்," என்றேன். "என்ரை வீட்டுக்கு வேண்டாம்." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கிழமையே மேசனைக் கூப்பிட்டேன். படியை அறுத்து எடுக்கச் சொன்னேன். "பெரியக்காட்டை ஒருக்கால் கேட்டிட்டு…" என்று இழுத்தான். "கேட்டியெண்டால் இந்த வளவுக்குள்ளை பிறகு கால் வைக்காதை," என்றேன். கிரைண்டரை எடுத்தான். முதிரை லேசில் அறுபடவில்லை, கருகி மணத்தது. கீழே இருந்த பொன்னும் மணியும் முடிந்த துணியை மச்சாளிடம் கொடுத்துவிடச் சொன்னேன். குழியைச் சீமெந்தால் நிரப்பி மட்டம் பார்த்துத் தேய்த்தான். கையால் தடவினால்கூட எங்கே படி இருந்தது என்று தெரியாது.

"இஞ்சை வந்து பாருங்கோ," என்று இவரைக் கூப்பிட்டேன். "ஒரே மட்டம்."

கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "வடிவாயிருக்கு," என்றார்.

"வாங்கோ, விறாந்தையிலை போய் இருப்பம். காத்து வரும்."

"பேந்து பாப்பம்," என்றார்.

அந்தப் பேந்து இன்னும் வரவில்லை. குளியலறைக்குத் தானே போகிறார், வருகிறார். குசினிக்கு வந்து நான் சமைக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஹோலில் முன் கதவுக்கு நேரே வரும்போது மட்டும் திரும்பிவிடுகிறார். விறாந்தையில் அவருக்கென்று வாங்கிய சாய்மனைக் கதிரையில் இப்போது ஊர்ப் பூனை படுக்கிறது. கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், மச்சாளையே வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தேன். அக்காவின் தலையைத் தடவி, "அழாதை அக்கா," என்று சமாதானம் சொன்னார். வெளியே வரவில்லை.

போன கிழமை பொறுக்க முடியாமல் கையைப் பிடித்து இழுத்தேன். "படிதான் இல்லையே! ஒரு எட்டு வைச்சால் விறாந்தை. ஏன் இப்பிடி என்னை வதைக்கிறியள்?"

கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில்.

"அந்த வாசலாலை என்னைத் தூக்கிக்கொண்டல்லோ வந்தவை," என்றார். "இனித் தூக்கிக்கொண்டே போகட்டும்."